போலிக் காயத்துக்கு ஒரு கிடா பரிசு

மத்தி மீன் தொழிற்சாலையின் வாசலில் எங்களை முதலில் வரவேற்றது ஒரு ஆட்டுக்கிடா. திருகிய கொம்பு, பிதுங்கிய வயிறு, வந்தவனை மேலும் கீழும் அளக்கிற பார்வை. கிடாவுக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது: ‘பொய்க் காயம் சொல்லி நஷ்டஈடு வாங்குபவரைக் காட்டிக் கொடுப்பவருக்கு இந்தப் பெருநாள் கிடா பரிசு. இப்படிக்கு, முதலாளி ஹாஜி துஹாமி.’

“மேடம், நம்ம ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினாக்கூட இந்தக் கிடாவோட காலுக்கு வராது” என்றேன்.

தூரியா மேடம் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் உடனே சிரித்ததே கிடையாது. இரண்டு நாள் கழித்து, நான் காரைப் பின்னால் எடுக்கும்போது, திடீரென்று தனக்குள் சிரித்துக்கொள்வார். அதை நான் என் கணக்கில் வரவு வைத்துக்கொள்வேன்.

என் பெயர் புஷ்தா. முன்பு இதே ஸஃபி துறைமுக நகரத்தில் டாக்ஸி ஓட்டினேன். இப்போது ஓட்டுவது தூரியா மேடத்தின் பழைய வெள்ளைக் கார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிவது அவர் தொழில். கதவைத் தட்டுவது, காத்திருப்பது, நாய் துரத்தினால் ஓடுவது எல்லாம் என் தொழில்.

ஹாஜி துஹாமியின் அலுவலகம் மாடியில் இருந்தது. ஆனால் எங்களைச் சந்திக்க அவரே முற்றத்துக்கு இறங்கி வந்தார். மரியாதையில் அசந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மரியாதை எங்களுக்கு இல்லை. அவருடைய மச்சினன் அப்துல்மௌலாவுக்கு. தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர். ஒரு டப்பாப் பெட்டியைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து வீட்டில் இருந்தபடியே நஷ்டஈடு வாங்குகிறார். இடுப்பில் அகலமான பெல்ட், கையில் தடி. ஒரு படிகூட ஏற முடியாதாம். அவர் உட்கார ஹாஜியே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹாஜியின் புகார் மஹ்ஜூபா என்ற பெண்ணைப் பற்றி. மீன் தலை கிள்ளும் கொட்டகையில் பல வருடமாக வேலை செய்கிறவள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால்தான் கை எழும்பும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷனுக்கும் அதுவரைக்கான கூலிக்கும் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்க வேண்டும். ஹாஜியைப் பொறுத்தவரை இது முழுக்க நடிப்பு.

“இவ ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்குக் கொட்டகை மொத்தமும் வழுக்கி விழும்” என்றார் அவர். “முதலாளிமாருங்க இதை எப்படித்தான் தடுக்கிறது? கேமரா வச்சேன், பலகை வச்சேன், கிடாவும் கட்டிட்டேன். நீங்களும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க.”

வழி பிறகு சொல்வதாகச் சொன்ன மேடம், சாட்சி யார் என்று கேட்டார். அப்துல்மௌலா தொண்டையைச் செருமிக்கொண்டார். கிடாவும் நிமிர்ந்து பார்த்தது. தன் விஷயம் பேசப்படுகிறது என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும்.

அப்துல்மௌலாவின் பக்கத்து வீடு ஒரு கொத்தனாருடையது. போன வாரம் அங்கே குழந்தைக்குப் பெயர் சூட்டு விருந்து. அதில் மஹ்ஜூபாதான் டீ ஊற்றினாளாம். கை எழும்பாது என்று டாக்டரிடம் அழுதவள், டீ ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் கிளாஸ் கிளாஸாக ஊற்றினாளாம். அதுவும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, திருடி மாதிரி.

“எந்தக் கையால ஊத்தினாங்க?” என்று கேட்டார் மேடம்.

அப்துல்மௌலா ஹாஜியைப் பார்த்தார். ஹாஜி என்னைப் பார்த்தார். நான் கிடாவைப் பார்த்தேன்.

“விருந்தாளிக்கு டீ எந்தக் கையால ஊத்துவாங்க மேடம்?” என்றார் அப்துல்மௌலா. எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியை மூன்று வயதுக் குழந்தைகூடக் கேட்காது.

கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். உள்ளே பெண்கள் வரிசையாக நின்று கத்தரியால் மீன் தலையை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூரையில் அரை டஜன் கேமராக்கள். எல்லாமே பெண்களின் கைகளைப் பார்த்தபடி. ஒரு மத்தி மீன் மேலங்கிக்குள் போனால்கூட ஹாஜிக்குத் தெரிந்துவிடும். அதை வியந்துகொண்டே நடந்த நான் அடுத்த நொடி மல்லாந்து கிடந்தேன். கால்வாய் மூடி உடைந்து, அந்த ஓட்டையை அட்டைப் பெட்டியைக் கிழித்து மூடி வைத்திருந்தார்கள். மீன் எண்ணெயில் ஊறிய அட்டை.

“மஹ்ஜூபா விழுந்ததும் அங்கதான்” என்றாள் பக்கத்தில் நின்ற பெண், கத்தரியை நிறுத்தாமலே. எந்தக் கேமராவும் தரையைப் பார்க்கவில்லை என்பதை நான் படுத்தவாக்கில்தான் கவனித்தேன்.

காருக்கு வந்ததும் மேடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். நடிப்பு என்று நம் அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் இல்லை, வேலை இல்லை, மேலே போலீஸ் வழக்கு. தலை கிள்ளும் தொழிலில் வலது கை போனால் பிறகு எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது. அதனால் தன் கண்ணால் பார்க்காமல் எழுதப் போவதில்லை.

“எப்படிப் பார்ப்பீங்க? போய் ‘கையைத் தூக்கும்மா’ன்னா தூக்குவாளா?”

“சக்கரை வாங்கு” என்றார்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற, நீலத் தாள் சுற்றிய பெரிய சர்க்கரைக் கூம்பு ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் மேடத்தின் திட்டம் புரிந்தது. சர்க்கரையோடு போனால் டீ வரும். டீ வந்தால், நுரை கட்டும்படி உயரத்திலிருந்து ஊற்ற, கை எழும்பியாக வேண்டும்.

மஹ்ஜூபா ஐம்பதைத் தாண்டியவள். அகலமான முகம், வலது கையைக் கழுத்தோடு சேர்த்து ஒரு துணியில் தொங்கவிட்டிருந்தாள். “பாக்டரியிலேருந்து வர்றோம், உடம்பு எப்படி இருக்குன்னு பாக்க” என்றார் மேடம். பொய் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையிலிருந்துதான் நேராக வந்திருந்தோம். அந்தப் பெண் எங்களையும் சர்க்கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அங்கிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றாள். குரலில் குறையே இல்லை. உள்ளே வாங்க என்று பாயை விரித்தாள், ஒற்றைக் கையால்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கூம்பையும் சுத்தியலையும் என்னிடம் கொடுத்து உடைக்கச் சொன்னாள். டீ ஜாடி ஒரு தடவை, தட்டு ஒரு தடவை என்று நடந்து நடந்து கொண்டுவந்தாள். புதினா வாசனை அறையை நிறைத்தது. நான் சர்க்கரையை உடைத்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாடியைத் தூக்குவதற்கு முன், அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் மனது ‘ஐயோ’ என்றது. ஜாடியின் மூக்கு அவள் தலைத்துணிக்கு மேலே எழும்பிப் பளபளத்தது. டீ நீண்டு விழும் சத்தமும் நுரை கட்டும் சத்தமும் கேட்டன. அப்துல்மௌலா சொன்னது அப்படியே, அச்சு அசலாக. கிடா அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

மேடம் மெதுவாக எழுந்தார். தட்டைப் பிடித்துக் கொடுப்பது போல அவளுக்கு முன்னால் போய் நின்றார். மஹ்ஜூபாவின் கை அந்தரத்தில் நின்றது. அது இடது கை. வலது கை துணிக்குள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“பாக்காதீங்க மகளே” என்றாள் அவள். முகம் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. “வீட்டுக்கு வந்தவங்களுக்கு இந்தக் கையால ஊத்துறேன். அந்தக் கை எழும்பல. மன்னிச்சுக்குங்க.”

தாழ வைத்து ஊற்றிவிட்டுப் போகலாமே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் வாயைக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த சர்க்கரை நழுவியது.

“நுரை இல்லாத டீயைக் குடுக்கிறதுக்கு, கதவைச் சாத்திட்டு ஆள் இல்லைன்னு சொல்லிடலாம் தம்பி.”

விருந்து, கல்யாணம் என்றால் அந்தத் தெருவில் டீ ஊற்றுவது எப்போதும் அவள்தான். கொத்தனார் வீட்டில் கெஞ்சிக் கூப்பிட்டபோது மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி இடது கையைப் பழக்கிக்கொண்டு போயிருக்கிறாள். பழகிவிட்டது கைதான், கூச்சம் பழகவில்லை. அதனால் சுவரைப் பார்த்து நின்று ஊற்றினாளாம். எங்கள் ஊரில் வலது கை நன்றாக இருக்கிற எந்தப் பெண்ணும், தலையே போனாலும், விருந்தாளிக்கு இடது கையால் ஊற்ற மாட்டாள். திருடி மாதிரி நின்றாள் என்றாரே அப்துல்மௌலா, அந்த நிற்பேதான் அவள் காயத்துக்குச் சாட்சி. எனக்கு வெட்கமாக இருந்தது. டீ அருமையாக இருந்தது, அது இன்னும் வெட்கமாக இருந்தது.

வழக்கு முடிந்தது என்று நான் காரைக் கிளப்பினேன். முடியவில்லை, கொத்தனார் வீட்டுக்குப் போ என்றார் மேடம்.

கொத்தனார் வீட்டில் பெண்கள் மட்டும் இருந்ததால் மேடம் உள்ளே போனார், நான் வாசலில் நிறுத்தப்பட்டேன். கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் எங்கள் பழைய தெரு வீடுகளின் நடை, உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கமாக வளைந்துவிடும். வெளியே நிற்கிறவன் கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் முற்றம் தெரியாது. நானும் நீட்டிப் பார்த்தேன். கழுத்துதான் வலித்தது.

வெளியே வந்த மேடம், மஹ்ஜூபா சொன்னது உண்மை என்றார். அவள் இடது கையால் ஊற்றியது விருந்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இவ்வளவு நேரம் என்ன பாத்தே?”

“சுவரு.”

“வேற?”

“அதுக்குப் பக்கத்துல இன்னொரு சுவரு.”

“விருந்தன்னைக்கு ஆம்பளைங்க எங்க இருந்தாங்களாம் தெரியுமா? தெருமுனையில போட்டிருந்த கூடாரத்துல. முற்றத்துல பொம்பளைங்க மட்டும்தான்.” சொல்லிவிட்டு அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்து மொட்டை மாடியில், உயரமான ஒரு புறாக்கூண்டு. அதன் உச்சியில் சாய்த்து வைத்த ஏணி. ஒரு புறா எங்களைப் பார்த்துக் கழுத்தைச் சொடுக்கியது. மேடம் என் ஜோக்குக்கு அல்லாமல் முதல் தடவையாகச் சிரித்தார்.

தொழிற்சாலை முற்றத்துக்கு நாங்கள் திரும்பியபோது கிடாவின் கயிறு ஏற்கெனவே அப்துல்மௌலாவின் கையில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, தடியைக் காலுக்கு இடையில் வைத்து, சொந்தக்காரன் மாதிரி கிடாவின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தார். முடிவு என்ன என்று ஹாஜி கேட்டார். அதற்கு முன்னால் சாட்சி சொன்னதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன் என்றார் மேடம்.

பரிசு கையில் இருக்கிறவனுக்குப் பேச்சு தாராளமாக வரும். தலைக்கு மேல் எழும்பிய ஜாடி, மூலையில் எலுமிச்சைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி விரித்த மேஜை என்று அப்துல்மௌலா ஒன்று விடாமல் வர்ணித்தார். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“எல்லாம் சரியா இருக்கு. நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன், தொட்டி அங்கதான் இருக்கு” என்றார். பிறகு ஹாஜியிடம் திரும்பி, அந்த விருந்துக்கு அவர் வீட்டுப் பெண்கள் போயிருந்தார்களா என்று கேட்டார்.

மனைவியும் இரண்டு மருமகள்களும் போனார்கள் என்றார் ஹாஜி.

“பொம்பளைங்க மட்டும் இருந்த இடம். தலையில துணி இல்லாம, கை தட்டி ஆடிட்டு இருந்தாங்களாம். உங்க மருமகளுங்களும்தான்.” மேடம் ஒரு மூச்சு விட்டார். “அந்த முற்றத்துக்குள்ள உங்க மச்சினன் எப்ப போனாரு ஹாஜி?”

ஹாஜியின் முகம் நிறம் மாறியது. நாற்காலிக்கு அருகே போய், மச்சினனைக் குனிந்து பார்த்தார்.

“உள்ள போனியா?”

“சத்தியமா வாசப்படியை மிதிக்கல மச்சான்.”

“வாசல்ல நின்னா ஒண்ணும் தெரியாது” என்றார் மேடம். “எங்காளு அரை மணி நேரம் நின்னு பாத்திருக்கான்.”

“அருமையான சுவரு ஹாஜி” என்று நான் உறுதி செய்தேன்.

“என் மருமகளுங்க தலை மூடாம இருந்த இடத்துல போய் நின்னியாடா?” ஹாஜியின் குரல் தணிந்திருந்தது; அவர் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது. கொட்டகை வாசலில் நாலைந்து பெண்கள் கத்தரியும் கையுமாக வந்து நின்றுவிட்டார்கள். நாளை இந்த விஷயம் துறைமுகம் முழுக்கப் போகும். பெண்கள் கூடிய முற்றத்துக்குள் நுழைந்தவன் என்ற பெயர் வந்தால் அப்துல்மௌலா அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. நஷ்டஈடு வரும் போகும். மானம் அப்படி இல்லை.

“உள்ள போகல!” என்றார் அவர். நெற்றி வியர்த்திருந்தது. “நான் என் வீட்டு மாடியில இருந்தேன் மச்சான். புறாக்கூண்டு மேல. வலை கிழிஞ்சு போச்சு, கட்டிக்கிட்டு இருந்தேன். அப்ப ஜாடி பளபளன்னு தெரிஞ்சுது, திரும்பினேன். வேற எந்தப் பொம்பளையையும் பாக்கல. ஏணியில நிக்கிறவன் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டா இருப்பான்?”

கிடா அசைபோடுவதை நிறுத்தியது.

“ஏணியில” என்றார் மேடம்.

அப்துல்மௌலாவின் கை அப்போதுதான் இடுப்பு பெல்ட்டைத் தேடிப் போனது.

ஹாஜி துஹாமி அந்த முதுகுக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அந்த முதுகுக்காக மாடியிலிருந்து இறங்கி வந்தவர். அவர் எங்களை ஓரமாக அழைத்துப் போய்க் குழைந்தார். மஹ்ஜூபாவின் காயம் நிஜம் என்று தாராளமாக எழுதுங்கள், மற்றது குடும்ப விஷயம், அதை அறிக்கையில் இழுக்க வேண்டாம் என்றார். வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

“இவர் ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்குக் குடும்பம் மொத்தமும் வழுக்கி விழும் ஹாஜி” என்றார் மேடம்.

பிறகு, கேட்டிருந்த வழியையும் சொன்னார். ஒரு கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். கால்வாய்க்கு அட்டை போதாது, இரும்பு மூடி போடுங்கள். யாராவது விழுந்தால் அன்றைக்கே ஒரு சர்க்கரைக் கூம்போடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். நிஜமாக விழுந்தவருக்கு ஆறுதல், நடிக்கிறவனுக்குக் கிலி. இரண்டும் ஒரே சர்க்கரையில் முடிந்துவிடும். “கிடாவைவிட இது மலிவு” என்றார்.

“கிடான்னதும்தான் ஞாபகம் வருது” என்று நான் பலகையைக் காட்டினேன். பொய்க் காயத்தைக் காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசு என்று எழுதியிருக்கிறது. அப்துல்மௌலாவை ஊரறியக் காட்டிக் கொடுத்தது மஹ்ஜூபா ஊற்றிய டீ. அப்படியென்றால் கிடா அவளுக்குத்தான். ஹாஜி வாயைத் திறந்தார். கொட்டகை வாசலில் இப்போது முப்பது பெண்கள் நின்றார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்துல்மௌலாவின் விரல்களிலிருந்து கயிற்றை நானே மெல்லப் பிரித்தெடுத்தேன். அந்த முதுகுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது இல்லையா.

கிடாவைக் காரின் பின் சீட்டில் ஏற்றியது தனிக் கதை. வழி முழுக்க அது என் தொப்பியைத் தின்றது. மேடம், காலையில் நான் கிடாவின் காலைப் பற்றிச் சொன்ன ஜோக்குக்கு அப்போதுதான் சிரித்தார்.

மஹ்ஜூபாவின் வீட்டு வாசலில் மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டார். உள்ளே போய், பாயில் உட்கார்வதற்கு முன், நின்றபடியே உண்மையைச் சொன்னார். நாங்கள் தொழிற்சாலை ஆட்கள் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பியது. காலையில் வந்தது உடம்பு விசாரிக்க இல்லை, உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க. ஆபரேஷனுக்குத் தடையில்லை என்று இன்றே எழுதி அனுப்புகிறேன், ஆனால் ஏமாற்றி உங்கள் டீயைக் குடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“தெரியும் மகளே” என்றாள் மஹ்ஜூபா. “பாக்டரி ஆளுங்க சக்கரையோட வருவாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா ஊற்றினீர்கள், கை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டிருந்தால் எங்களால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டேன்.

“வேவு பாக்க வந்தா என்ன? வீட்டுக்குத்தானே வந்தீங்க” என்றாள். வாசலில் கிடா கத்தியது. ஆபரேஷனைப் பற்றி அவள் மறுபடியும் ஒரு தடவை கேட்டாள், நிஜமா என்று. நிஜம் என்றார் மேடம். அவள் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு ஜாடியை எடுத்தாள்.

இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எங்களைப் பார்த்து நின்றபடி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினாள். நுரை ததும்பிய அந்தக் கிளாஸை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.